பழைய கணினிக்குத் தீர்ப்பெழுதும் முன்

விளையாட்டின் நடுவே பழைய கணினி அணைந்துவிட்டால், "புதிது வாங்கிவிடுங்கள்" என்பதே பல கடைகளின் முதல் மறுமொழி. அது நோயறியாமல் எழுதப்படும் மருந்துச்சீட்டு. விண்டோஸ் பதிவேட்டில் தோன்றும் 'கெர்னல்-பவர் 41' என்ற குறிப்பும், கணினி முறைப்படி அணையவில்லை என்று மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

காரணத்தை விலக்கி விலக்கித்தான் காண வேண்டும். முதலில் வெப்பநிலை: செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், தூசியை நீக்கி, உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். அடுத்து ரேம்: மெம்டெஸ்ட்86 இரவு முழுதும் ஓடட்டும். இரண்டும் தேறினால், சுமை கூடும்போது தளரும் எஸ்எம்பிஎஸ் மீது ஐயம் கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால், பழுது தீர்ந்தாலும் எது பழுது என்பது தெரியாமலே போகும்.

சில நூறு ரூபாயில் தீரக்கூடிய குறைக்காக ஒரு மாணவரின் குடும்பம் பல்லாயிரம் கடன்படுவது தொழில்நுட்ப வளர்ச்சி அன்று. சோதிக்கச் சோம்பியதன் விலை.