ஒன்பது மணி நேரம் என்னும் பொய்

‘உலகம் சுருங்கிவிட்டது’ என்னும் வாக்கியம் நம் கட்டுரையாளர்களுக்கு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. உலகமயமாதலைப் பற்றி எழுதினாலும் புலம்பெயர் இலக்கியத்தைப் பற்றி எழுதினாலும் முதற்பத்தியில் அது வந்து அமர்ந்துகொள்கிறது. சான்றாக அவர்கள் நீட்டுவது விமான நிலையங்களின் தூரப் பட்டியலை: இத்தனை கிலோமீட்டர், ஆகவே இத்தனை மணி நேரம். அந்த ‘ஆகவே’யோடுதான் நமக்குச் சண்டை.

ஹெல்சின்கியையும் டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம். பூகோள உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். 2022 பிப்ரவரி வரை பயணியின் கடிகாரமும் ஏறக்குறைய இதையே சொல்லிற்று. அம்மாத இறுதியில், உக்ரைன் படையெடுப்பை அடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ருசிய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. மறுநாளே ருசியாவும் தன் வானை மூடியது. நாம் பிடித்த நூலோ பெரும்பகுதி ருசியாவின் மேலேயே கிடக்கிறது. ஆகவே ஃபின்ஏர் விமானங்கள் வடதுருவ வழியாக ஏறி அலாஸ்காப் பக்கமாக இறங்கின. அல்லது தெற்கே நடு ஆசியா வழியாக வளைந்தன. எவ்வழியாயினும் 13 மணி நேர அளவு. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பயணம் மட்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீண்டது.

இது புதிதுமன்று. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஐரோப்பிய விமானங்கள் பல ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பியே டோக்கியோ சென்றன. 1983இல் ஃபின்ஏர், துருவ வழியே எங்கும் நில்லாமல் டிசி-10 விமானத்தைப் பறக்கவிட்டது. அதற்கும் 13 மணி நேர அளவே. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குச் சென்ற கொரியப் பயணியர் விமானம் வழிபிசகிச் சோவியத் வானுக்குள் நுழைந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் மாண்டனர். வானத்துக்கு எல்லை இல்லை என்று பாடுவோர் இந்த எண்ணையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

‘இது விதிவிலக்கு, போர் ஓய்ந்தால் பழைய கணக்கு மீளும்’ எனலாம். நாம் மறுக்கிறோம். ஒன்பது மணி நேரமே விதிவிலக்கு. இரு அடைப்புகளுக்கு நடுவே சில பத்தாண்டுகள் திறந்திருந்த கதவு அது. அக்கதவும் எல்லோருக்கும் ஒருசேர மூடப்படவில்லை. ஐரோப்பிய விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தபோதே சீன விமானங்கள் ருசியாவின் மேலாக ஐரோப்பாவுக்கு நேரே பறந்தன. ஆக, தூரத்தை முடிவுசெய்வது உருண்டையின் வடிவம் மட்டுமன்று. விமானம் எந்நாட்டுக்கு உரியது என்பதுந்தான். நாற்பதாண்டுக் காலப் பொறியியல் முன்னேற்றம் அனைத்தையும் ஓர் அரசாணை ஒரே நாளில் 1983க்குத் திருப்பிவிட முடிந்தது என்றால், சுருங்கியது எது?

தமிழில் ‘நாழிகைவழி’ என்றொரு சொல் உண்டு. ‘கூப்பிடு தூரம்’ இன்றும் வழக்கில் உண்டு. இரண்டும் நடப்பவனின் காலையும் அழைப்பவனின் குரலையும் கொண்டு அளந்தவை. ஆற்றில் வெள்ளம் வந்தால் நாழிகை நீளும் என்பதை அச்சொல்லை ஆண்டவர்கள் அறிந்திருந்தார்கள். வகுத்தல் கணக்குக்கு வெள்ளமும் தெரியாது, போரும் தெரியாது.

உலகம் சுருங்கியது என்று இனி எழுதுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை சொல்லிவிட்டு எழுதட்டும்: யாருக்குச் சுருங்கியது? யார் விட்ட வழியில்?