ஜீப்பைத் தூக்கினால் தேய்வது எது?

எங்கள் புதுச்சேரியில் இப்போது புது மோகம் ஒன்று. ஜீப்பையோ பிக்கப்பையோ வாங்கிய மறுவாரமே முன்பக்கத்தை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்காரர் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ஸ்பேசரைச் செருகுகிறார். டார்ஷன் பார் வண்டி என்றால் போல்ட்டைத் திருகி விடுகிறார். அரைநாள் வேலை. வண்டி யானைக்குட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, பையன் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறான். சில மாதங்களில், வளைவில் திரும்பும்போது "டக், டக், டக்" என்று சத்தம். அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் குமாஸ்தா, மெக்கானிக் அல்ல. ஆனால் அரசு ஜீப்புகளின் பழுதுபார்ப்புச் செலவுக் கோப்புகள் பல வருடம் என் மேசை வழியாகத்தான் போயின. எந்தப் பாகம் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்டு எழுதாமல் ஒரு பில்லையும் நான் மேலே அனுப்பியதில்லை.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்த மூட்டின் பெயர் 'கார்தான்'. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் கார்தானோவின் பெயர் அது. நம் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்வார்கள். அதில் ஒரு குறை உண்டு. தண்டு சாய்ந்திருந்தால், ஒரு முனை சீராகச் சுழன்றாலும் மறுமுனை விட்டு விட்டுச் சுழலும். 30 டிகிரி சாய்வில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 15 சதவீதம் வேகம் கூடும், 13 சதவீதம் குறையும். முன் சக்கரத்துக்கு இது ஆகாது. அதற்காக வந்ததுதான் 'ஓமோசினெத்திக்', அதாவது இரு பக்கமும் ஒரே வேகம். 1926இல் பியேர் ஃபெனாய் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற திராக்தா மூட்டு இந்த வகைதான். இரண்டாம் உலகப்போர் ஜீப்புகள் சிலவற்றிலும் அது இருந்தது. இன்றைய வண்டிகளில் எஃகு உருண்டைகள் வைத்த சிவி ஜாயிண்ட் இருக்கிறது.

இப்போது தூக்கும் கதைக்கு வருவோம். என் காலத்து அரசு ஜீப்பில் முன் அச்சு ஒரே தண்டு, இரு சக்கரமும் அதோடு கட்டுண்டவை. இன்றைய வண்டிகள் பலவற்றில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு மாட்டியிருக்கிறது, சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. சேஸிஸைத் தூக்கினால் டிஃபரன்ஷியலும் கூடவே ஏறிவிடும். சக்கரம் தரையில்தான் இருக்கும். நடுவில் உள்ள ஆக்ஸில், ஏறக்குறைய மட்டமாக இருந்தது, ஓட்டுக்கூரை போல் சரிந்துவிடுகிறது.

"சிவி ஜாயிண்ட் பெரிய கோணத்தைத் தாங்குமே" என்று கடைக்காரர் சொல்வார். தாங்கும். வீதி முனையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும் சில வினாடிகளுக்கு! கடலூர் சாலையில் மணிக்கு எண்பதில் போகும்போதும் அதே சாய்வில் ஓடு என்றால்? உருண்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் தடத்தில் கூடுதல் தூரம் முன்பின் தேய்கின்றன, சூடேறுகின்றன. ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. பல வண்டிகளில் நால்சக்கர இயக்கம் போடாவிட்டாலும் சக்கரத்தோடு அந்தத் தண்டும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண்ணும் மழைநீரும் உள்ளே. பிறகு அந்த மூட்டுக்கு ஆயுசு அவ்வளவுதான். டிஃபரன்ஷியல் பக்கத்து மூட்டும் தன் கோப்பையில் இடம் மாறி நிற்பதால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மிச்ச இடம் குறைவு. பெரிய டயரும் போட்டுவிட்டால் பாரம் இன்னும் ஏறும்.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இவர்களுக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது: வெள்ளத்துக்காகத் தூக்குகிறோம். சரி, பின் அச்சைப் பாருங்கள். நடுவில் உருண்டையாகத் தொங்கும் அந்தப் பகுதிதான் பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருப்பது. ஸ்பேசர் அதை ஒரு நூல் அளவு கூட உயர்த்தாது. டயர் பெரிதானால் மட்டுமே அது உயரும். கல் எங்கே இடித்ததோ அங்கேயேதான் இனியும் இடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் என்றால் 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொள்வது வண்டிக்காரன். ஸ்பேசர் செருகிய கை அதற்குள் அடுத்த வண்டிக்குப் போயிருக்கும்.

பிள்ளைகளிடம் நாம் "வேண்டாம்" என்றால் கேட்க மாட்டார்கள். வேறொன்று செய்யுங்கள். ஒர்க்‌ஷாப்பில் மூன்று விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: தூக்கிய பின் ஆக்ஸில் என்ன கோணத்தில் நிற்கும், டிஃபரன்ஷியலைக் கீழிறக்கும் பிராக்கெட் சேர்த்துப் போடுவார்களா, ஒரு வருடத்துக்குள் பூட் கிழிந்தால் யார் செலவு. எங்கள் தெருப் பையனோடு நானே போய்க் கேட்டேன். முதலாளி முதலில் சிரித்தார். பேனாவை எடுத்து நீட்டியதும், "பெரியவரே, அதெல்லாம் எழுதித் தர முடியாது" என்றார். பையன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.