அடித்தால் சோறு இறங்குமா?

“பையன் சோறு தின்ன மாட்டேன் என்கிறான், இரண்டு வைத்தால்தான் வாய் திறக்கிறான்.” ஷிப்டு முடிந்து வரும் தோழர்கள் பலர் நம்மிடம் சொல்லும் குறை இது.

அடித்து ஊட்டினால் சோற்றின் மேல் வெறுப்புத்தான் வளரும். பழகாத கீரையைப் பத்து, பதினைந்து தடவை கண்ட பிறகே பல குழந்தைகள் ஏற்கின்றன. ஒரு வாய் வையுங்கள். மறுத்தால் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். அழுகையை நிறுத்த வாங்கித் தரும் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் பசியைக் கொன்றுவிடும். பிள்ளை மெலிந்துகொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று பள்ளியில் சோறு வந்தது. அங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நம் பிள்ளையும் தின்கிறது. வீட்டிலும் அதுவே வழி: ஒரு வேளையாவது கூட உட்கார்ந்து அதே கீரையை நாமும் தின்போம். அதற்கு நேரமில்லையா? நேரத்தைப் பறித்தவனைக் கேட்போம், பிள்ளையை அடிப்பானேன்?