மலைக்கிராமத்து வாக்கு ரகசியமா?

வாகனம் போக வழியில்லாத வெள்ளகெவிக்குக் குதிரை முதுகில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் போகும் படத்தைத் தேர்தல் காலத்தில் நாளிதழ்களில் பார்த்திருப்போம். வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. ஒரு சில நூறு வாக்குகளுக்காக அரசாங்கமே கொடைக்கானல் மலையில் நடையாய் நடக்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

பயமின்றி வாக்களிக்கும் இந்த உரிமை சும்மா வரவில்லை. பழனி மலைத்தொடரை விட்டு இறங்கினால் உசிலம்பட்டி வட்டாரம் அதிகத் தொலைவில்லை. அங்கே பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்றானதும், 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே முடங்கிக் கிடந்தது. இதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் வென்று தலைவரான முருகேசனையும் உடனிருந்த ஆறு பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

இன்று அந்த அளவுக்குப் பயமில்லை. மறைப்புக்குள் பொத்தானை அமுக்குகிறோம். விவிபாட் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. ஆனால், எண்ணும்போது அந்த மறைப்பு பாதி விலகிவிடுகிறது. முடிவுகளைச் சாவடிவாரியாக வெளியிடுகிறார்கள். நகரத்தில் இதனால் பாதகமில்லை. ஊருக்கே ஒரு சாவடி என்றிருக்கும் மலைக்கிராமத்தில், ஊர் யார் பக்கம் சாய்ந்தது என்பது அன்று மாலையே வேட்பாளருக்குத் தெரிந்துவிடும்.

அதை வைத்து என்ன செய்வார்கள் என்கிறீர்களா? 2019 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில், விழுந்த வாக்கைப் பொறுத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தே வேலை நடக்கும் என்று மேடையிலேயே பேசினார் மேனகா காந்தி. தேர்தல் ஆணையம் கண்டித்தது. வெளியே சொல்லாமல் செய்பவர்களை யார் கண்டிப்பது?

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடமிருந்தது. இயந்திரம் வந்ததும் அது கைவிட்டுப்போனது. பதினான்கு இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் கூட்டிச் சொல்லும் ‘டோட்டலைசர்’ கருவியை ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. வெள்ளகெவியின் வாக்கு மற்றச் சாவடிகளின் வாக்கோடு கலந்துவிட்டால், யாரும் பிரித்தெடுக்க முடியாது.

மத்திய அரசு ஏற்கவில்லை. வாக்கு குறைந்த இடம் எது என்று தெரிந்தால்தான் கட்சிகள் அங்கே கூடுதலாக உழைக்குமாம். சாலை கேட்டு மனுவோடு நிற்கும் மலைக்காரரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.