சங்கரா மீனின் சினையும் சர்க்காரின் காலண்டரும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மீன் முட்டையிடும் காலமாம். நல்லது. கடலுக்கு ஓய்வு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்த மீன் எப்போது முட்டையிடுகிறது என்று கேட்க வேண்டாமா?

ஏழை வீட்டுக் குழம்புக்கும் வரும் சங்கராவையே எடுத்துக்கொள்வோம். சென்னைக் கடலில் இதை ஆராய்ந்தவர்கள் சர்க்காரின் சொந்த விஞ்ஞானிகள், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். 1980-84ல் சினைச் சங்கராவில் நூற்றுக்கு 35 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிடைத்தது. 2000-04ல் அது நூற்றுக்கு 5. மீதியெல்லாம் அக்டோபர் முதல் மார்ச் வரை! கடல் சூடேறியது; மீன் குளிர்ந்த மாதங்களைத் தேடிக்கொண்டது.

மழை தள்ளிப்போனால் விவசாயி நாற்று விடுவதையும் தள்ளிப்போடுகிறான். அந்த அறிவு சங்கராவுக்கு இருக்கிறது, சர்க்காருக்கு இல்லை. 2001ல் வந்த 45 நாள் தடை 2017ல் 61 நாளாயிற்று. நாள் கூடியதே தவிர மாதம் மாறவில்லை. ஆகவே சங்கரா சினையோடு திரியும் மாதங்களில் இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போகிறது. சிறு கண் வலையில் சிக்கும் குஞ்சு மீன் 'கழிசல்' என்ற பேரில் கோழித் தீவனமாகிறது. விதைநெல்லைக் குத்தித் தின்பது இதுதான்.

எல்லா மீனும் சங்கரா அல்ல. கோடையில் முட்டையிடுவதும் உண்டு. தடையை எடு என்பதல்ல நம் வாதம்.

மீனவனின் பேராசைதான் காரணம் என்கிறார்கள் சிலர். பங்குக்கு உழைக்கும் படகுத் தொழிலாளியா வலையின் கண்ணை முடிவு செய்கிறான்? இயற்கையின் கோளாறு என்கிறார்கள் வேறு சிலர். கடலைச் சூடாக்கியது கட்டுமரக்காரன் வீட்டு அடுப்பா? உலகமெங்கும் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் உண்டாக்கிய சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடல்தான் விழுங்கியிருக்கிறது. எண்ணூர்க்காரனுக்கோ இரட்டைத் தண்டனை. அனல் நிலையத்தின் சாம்பலும் சுடுநீரும் முகத்துவாரத்தில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெயும் அங்கேயே.

ஆலையில் லே-ஆப் என்றால் மஸ்டரில் பேருள்ளவனுக்குச் சட்டப்படி பாதிக் கூலி உண்டு. படகுத் தொழிலாளிக்கு? 61 நாளுக்கும் சேர்த்து ஒரு நிவாரணத் தொகை, அவ்வளவுதான். சினை மாதங்களிலும் இழுவைமடியை நிறுத்து என்று அவனே முன்நின்று கேட்பான். நிறுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி கொடுக்கட்டும். அந்தப் பணத்தைக் கடலைச் சூடாக்கியவர்களிடமே வசூலிக்கட்டும்.