திருவுளச் சீட்டும் முட்காடும்

இந்துக் கல்லூரி மலரொன்றில் மான் வேட்டையைப் பற்றி எழுதுவதா என முகஞ் சுளிப்போர் இருப்பர். புலால் மறுத்தலின் மேன்மையை நாம் மறுத்தோமல்லோம். ஆயினும் நம் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். நம் நாட்டிற் சட்டம் தடுத்துள்ள மான் வேட்டை ஆங்குச் சட்டத்தின் ஒழுங்குக்குட்பட்டே நடைபெறுகின்றது. அதிற் புகுவோன் எத்தகைய ஆயத்தத்தோடு புகல் வேண்டும் என்பதே எமது பேச்சு.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நிலத்தின் 90 சதவீதத்துக்கு மேற்பட்டது தனியாருக்குரியது. வேட்டையாட விழைவோன் நிலமுடையாருக்குப் பெரும்பணம் கொடுத்தல் வேண்டும். அஃதில்லாதவனுக்கு வழி யாது? மாநிலத்தின் பூங்கா வனவிலங்குத் திணைக்களம் தன் பொறுப்பிலுள்ள காடுகள் சிலவற்றைத் திருவுளச் சீட்டு மூலம் திறந்துவிடுகின்றது. சில டொலர் செலுத்தி விண்ணப்பித்தவருள் எவர் பெயர் விழுகின்றதோ அவருக்கே அனுமதிப்பத்திரம். செல்வனும் ஏழையும் ஒரே குடத்துச் சீட்டுக்களாகும் இம்முறையை நாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆனால் சீட்டு விழுந்ததையே தகுதியெனக் கொண்டு, கண்டறியாத காட்டுக்குச் சில நாள் விருந்தாளியாய்ச் செல்வோரை நாம் போற்றோம்.

தெற்கு ரெக்சாசிலுள்ள சப்பரல் வனவிலங்கு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 15,200 ஏக்கர், பெரும்பாலும் முட்புதர். ஆங்குள்ள மெஸ்கீற் மரம் நம் வன்னி மரத்துக்கு உறவு. நாகதாளியோ மன்னார்ப் பக்கத்தாருக்குப் புதிதன்று. இதனால் நம் காட்டை அறிந்தவன் அக்காட்டையும் அறிவான் என எண்ணலாகாது. வழிக்குறியாகக் கொள்ள மலையில்லை. எத்திசை நோக்கினும் ஒரே தோற்றம். விரியன் இனத்துக் கிலுகிலுப்பைப் பாம்புகளும் உண்டு.

நெஞ்சிற் குண்டு பட்ட மானும் நூறு யார் தூரம் ஓடக்கூடும். வெட்டவெளியில் அத்தூரம் ஒரு பொருட்டன்று. முட்புதரிலோ, மான் கிடக்கும் இடத்துக்குப் பத்தடி அருகிற் சென்றும் காணாது மீளலாம். உயிரைக் குற்றுயிராக்கி முள்ளில் விட்டு வருவதினும் கொடியது இத்தொழிலில் வேறில்லை. ஆதலின் ஆயத்தம் என்பது உடையும் சப்பாத்தும் வாங்குவதோடு முடிவதன்று. வேட்டைக்குக் கொண்டுசெல்லும் அதே தோட்டாக்களால் துவக்கைக் குறிபார்த்துப் பழகல் வேண்டும். வானிலிருந்து எடுத்த படத்தில் தடங்களையும் நீர்நிலைகளையும் கற்றல் வேண்டும். நாகதாளி மானுக்கு உணவென்பதையும் அறிதல் வேண்டும். நிலையத்து அலுவலரிடம் முன்கூட்டியே வினவுதல் இழுக்கன்று. சுட்டபின் மான் மறைந்த இடத்தைக் குறித்து, அரைமணி நேரம் பொறுத்துத் தொடர்வதே முறை. மார்கழியிலும் அங்கே வெயில் கடுக்கும் நாட்களுண்டு, பனிக்கட்டிப் பெட்டியின்றிச் சென்றால் இறைச்சி பழுதாகும், கொன்றதும் வீண்.

இவற்றுக்கு நேரமில்லை என்பவன் விண்ணப்பியாதிருத்தலே நன்று. அவன் பெயர் விழுந்தமையால் ஆயத்தமாயிருந்த வேறொருவன் அவ்வாண்டு வீட்டிலிருக்க நேர்கின்றதன்றோ?

இன்னுமொன்று. ஞாயிறு மறைந்து அரைமணி நேரம் வரை சுடுவதற்கு அம்மாநிலச் சட்டம் இடந்தருகின்றது. காட்டுக்குப் புதியவன் அதற்கு ஒரு மணி முன்னரே துவக்கைத் தாழ்த்திவிடல் வேண்டுமென்பது எமது கருத்து. அடிபட்ட மானின் குருதித் தடத்தைத் தேட அவனுக்குப் பகலொளி வேண்டும்.