லட்ச ரூபாய்ப் பெட்டிக்கு ராகம் தெரியுமா?

மியூசிக் சர்வர் என்று ஒரு பெட்டியை இப்போது நம் வயதுக்காரர்களாகப் பார்த்து விற்கிறார்கள். கையில் ஓய்வூதியப் பணம், மனசில் பாட்டுப் பைத்தியம், கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் பயம். இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லட்சங்களைக் கொட்டி அதை வாங்காதீர்கள்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது? ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாட்டை எடுத்து, எண்களை ஒலியாக மாற்றும் 'டாக்' என்ற கருவிக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். காதில் விழும் தரத்தைத் தீர்மானிப்பவை டாக், ஆம்ப்ளிஃபயர், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பீக்கரும் அறையும். சீட்டுக்கட்டு அளவுள்ள ராஸ்பெரி பை கம்ப்யூட்டரே இந்த எடுபிடி வேலையைத் திணறாமல் செய்யும். அமைத்துத் தர, விஷயம் தெரிந்த பேரனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

"எங்கள் பெட்டியில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் சார்" என்பார்கள். 1982இல் வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கணக்கே 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடித்துவிடும். மனிதக் காதின் எல்லையும் அதுதான், அதுவும் இளவயதில். அறுபதைத் தாண்டிய நமக்கு 12 கேட்டாலே பெரிய விஷயம். 1944இல் வந்த ஹரிதாஸ் பாட்டை 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுத்து 192இல் கேட்டால் புதிதாக என்ன கிடைக்கப்போகிறது? தட்டின் கீறல்தான்.

"சர்வர் எதற்கு, செல்போனிலேயே எல்லாம் வருகிறதே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் ப்ளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் 2024இல் அறிவித்தது. சந்தா கட்டிக் கேட்பது வாடகை வீடு. காலி செய் என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

ஆகவே சொந்தமாக ஒன்று வேண்டும். எதை வாங்கினாலும் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: ஃப்ளாக் வடிவத்தை ஏற்குமா? ஒலியில் எதையும் இழக்காமல் சிடியை ஏறக்குறைய பாதியாகச் சுருக்கும் முறை இது. ஒரு டெராபைட் டிஸ்கில் இரண்டாயிரம் சிடிக்கு மேல் அடங்கும்.

இரண்டு: இடைவெளி விடாமல் பாடுமா? ராக ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் அரை விநாடி நிசப்தம் விழுந்தால் கச்சேரி கெட்டது.

மூன்று: கம்பெனி கைவிட்டால் என் கதி என்ன? லாஜிடெக் நிறுவனம் ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளை 2012இல் கைவிட்டது. ஆனால் அவற்றின் சர்வர் மென்பொருள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்ததால், ஆர்வலர்கள் அதை லிரியன் என்ற பெயரில் இன்றும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

நான்கு: ராகம் தெரியுமா? ஒரு கடையில், கல்யாணியில் அமைந்ததை மட்டும் எடுத்துக் காட்டுமா என்று கேட்டேன். "ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஜானர் மூணும் இருக்கு சார்" என்றார் விற்பனையாளர். ஜானரைத் தட்டினால் நம் சங்கீதம் மொத்தமும் 'வேர்ல்ட் மியூசிக்' என்று ஒரே மூட்டை! விலையோ நாலரை லட்சம். ஃப்ளாக்கில் ராகம், தாளம், பக்கவாத்தியம், சபா, வருஷம் என்று நம் இஷ்டத்துக்குத் தலைப்புப் போட்டு எழுதி வைக்கலாம். மினிம்சர்வர் போன்ற மென்பொருள் அந்தத் தலைப்புகளின்படியே பிரித்துக் காட்டும். அதுவும் ராஸ்பெரி பையில் ஓடும்.

என் கோபமெல்லாம் இங்கேதான். நம் வீட்டுப் பரண்களில் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. சபாவிலும் கோயில் திருவிழாவிலும் நாமே பதிவு செய்தவை. எந்த ஊர், எந்த வருஷம், மிருதங்கம் யார் என்பது உறைமேல் மங்கிய மையில் இருக்கிறது, அல்லது நம் தலைக்குள் மட்டும் இருக்கிறது. பாடகரின் குரலை நாளை யாரேனும் அடையாளம் கண்டுகொள்ளலாம். பக்கவாத்தியக்காரர் பெயரை யார் சொல்வார்கள்? எந்த லட்ச ரூபாய்ப் பெட்டியும் சொல்லாது.

சிறிய பெட்டியாக வாங்குங்கள். வாரத்துக்கு நாலு கேசட்டை மாற்றி, விவரத்தை உட்கார்ந்து எழுதுங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கி, முழு நகலை மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள்.